அலமாரியில் கிடந்த 23 சாதனங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் அலுவலகத்தின் பின்னறையில் ஓர் இரும்பு அலமாரி இருந்தது. கதவைத் திறந்தால் சார்ஜர் ஒயர்கள் சரிந்து காலில் விழும். யாருக்காவது புது லேப்டாப் வந்தால் பழையது அதற்குள் போகும். யாராவது வேலையை விட்டுப் போனால் அவர் கையிலிருந்த போனும் அதற்குள் போகும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதைத் தவிர வேறு விதிமுறை கிடையாது. அந்த அப்புறம் ஆறு வருடமாக வரவே இல்லை.

பின்னறையை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வது என்று முடிவானபோதுதான் எல்லாருக்கும் அலமாரியின் நினைவு வந்தது. மொத்தத்தையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்பது பொதுக் கருத்து. நான் நான்கு மாதம் அவகாசம் கேட்டேன். ஓடுகிறதை ஆன்லைனில் விற்கிறேன், விற்காததை முறையான மறுசுழற்சிக்கு அனுப்பலாம் என்றேன். "வர்ற பணத்தைவிட உங்க நேரத்துக்கு மதிப்பு அதிகம் சார்" என்றார் கணக்கு பார்க்கிறவர். அவர் சொன்னது முழுத் தவறு இல்லை. அதைக் கடைசியில் பார்க்கிறேன்.

எண்ணிப் பார்த்தால் 23 இருந்தன. ஒன்பது லேப்டாப், ஆறு போன், இரண்டு டேப்லெட், மூன்று மானிட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு ரவுட்டர். நான்கு மாதம் முடிந்தபோது 11 விற்றுப் போயிருந்தன. 4 எங்கள் அலுவலகத்திலேயே மறுபடி வேலைக்கு வந்தன. 3 உதிரி பாகங்களாகப் பிரிந்தன. மீதி 5 மறுசுழற்சிக்குப் போயின. இந்த எண்களைப் பார்த்துப் பலரும் பாராட்டினார்கள். எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. சொல்லப்போனால், விற்ற பதினொன்றைவிட விற்காமல் போனவற்றிடம்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

உருக்கினால் போதாதா?

எடைக்குப் போட்டாலும் மறுசுழற்சி ஆகத்தானே போகிறது, விற்பதற்கு இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட உலக மின்கழிவு அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம். போக்கு இப்படியே இருந்தால் 2030இல் மொத்தம் 8.2 கோடி டன்னைத் தொடும் என்கிறது அதே அறிக்கை. போன், ரவுட்டர், பிரிண்டர் மாதிரியான சிறிய தகவல் தொழில்நுட்பச் சாதனங்களின் பங்கு இதில் 46 லட்சம் டன்தான். ஆனால் எடையில் சிறியது என்பதால் விஷயத்தில் சிறியது ஆகிவிடாது.

எடைக்குப் போட்டதெல்லாம் ஒழுங்கான ஆலைக்குப் போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. செம்புக்காக ஒயரைக் கொளுத்துவதும், தங்கத்துக்காகச் சர்க்யூட் போர்டை அமிலத்தில் முக்குவதும் இன்றைக்கும் நடக்கிறது. ஒழுங்கான ஆலைக்கே போனாலும் செம்பு, தங்கம், அலுமினியம் போன்றவைதான் நன்றாக மீட்கப்படுகின்றன. உலகத்துக்குத் தேவையான அரிய மண் தனிமங்களில் மின்கழிவு மறுசுழற்சியிலிருந்து கிடைப்பது ஒரு சதவீதம் அளவுக்குத்தான். எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஒரு சிப்பை உருக்கினால் உலோகம் கொஞ்சம் கிடைக்கும், அதைச் செய்யச் செலவான மின்சாரமும் தண்ணீரும் திரும்பி வராது. ஆப்பிள் நிறுவனம் தன் போன்களுக்கு வெளியிடும் சுற்றுச்சூழல் அறிக்கைகளைப் பார்த்தால், ஒரு போனின் வாழ்நாள் கரிம வெளியீட்டில் ஏறத்தாழ 80 சதவீதம் உற்பத்தியிலேயே முடிந்துவிடுகிறது. நாம் தினமும் சார்ஜ் போடுவது அதற்குப் பக்கத்தில் சொற்பம். அப்படியென்றால் செய்து முடித்த சாதனத்தை இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓட வைப்பதுதான் பெரிய லாபம். உருக்குவது கடைசி வழி.

முதல் நாள்

எல்லாவற்றையும் நீள மேசையில் பரப்பினேன். சார்ஜர்களுக்கு ஜோடி தேடுவதிலேயே பாதி நாள் போயிற்று. முப்பதுக்கும் மேல் சார்ஜர் இருந்தன, மேசையில் இருந்தவற்றுக்குப் பொருந்தியவை பத்து தேறியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் போன், டேப்லெட்டுகளுக்கு டைப்-சி சார்ஜரைக் கட்டாயமாக்கியதன் அருமை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஒரு லேப்டாப்பை மேசையில் வைத்தபோது அது தட்டையாக உட்காரவில்லை. நாற்காலியின் ஒரு கால் குட்டையானது மாதிரி ஆடியது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வயிறு உப்பியிருந்தது. டச்பேட் பக்கத்தில் இரண்டு உறைகளுக்கும் நடுவே நகம் நுழையும் அளவு இடைவெளி. உள்ளே லித்தியம் அயனி பேட்டரியின் மின்பகுபொருள் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது. இதைச் சார்ஜில் போடக் கூடாது, அழுத்தி மூடவும் கூடாது. பக்கத்து மேசைக்காரர் "ஒரு ஊசி குத்தினா காத்து போயிடும்ல?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார், ஆனால் நிஜமாகவே அப்படிச் செய்து தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. திருகுகளைக் கழற்றி, பேட்டரியின் இணைப்பை விடுவித்து, மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, காற்றோட்டமான இடத்தில் தனியாக வைத்தோம். பேட்டரி இல்லாமல் சார்ஜர் ஒயரிலேயே அந்த லேப்டாப் ஒழுங்காக ஓடியது. பின்னால் அதையும் "பேட்டரி கிடையாது" என்று பெரிய எழுத்தில் போட்டே விற்றோம். வாங்கியவர் புது பேட்டரியைத் தானே மாட்டிக்கொள்வதாகச் சொன்னார்.

இந்த உப்பலுக்குக் காரணம் உபயோகம் இல்லை, உபயோகிக்காமல் வைத்த விதம். லித்தியம் பேட்டரியை நீண்ட நாள் சும்மா வைப்பதென்றால் பாதி சார்ஜில், சூடு இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். முழு சார்ஜில் வெப்பமான அலமாரிக்குள் போனது சீக்கிரம் கெடும். முழுக்க இறங்கிய நிலையில் வருடக்கணக்கில் கிடந்தது சார்ஜ் ஏற மறுக்கும். எங்கள் போன்களில் இரண்டு முதலில் செத்தவை மாதிரியே இருந்தன. ஒன்று அரை மணி நேரம் சார்ஜரில் கிடந்த பிறகு மெதுவாகக் கண் விழித்தது.

பூட்டு

நான் எதிர்பார்த்த சிக்கல் உடைந்த திரை, தேய்ந்த பேட்டரி மாதிரியானவை. நிஜத்தில் எங்களை அதிகம் தடுத்தது பூட்டுதான்.

போன் திருட்டு பெருகியபோது அதற்குத் தடுப்பாகச் செய்த நல்ல ஏற்பாடு அது. 2013இல் ஐஓஎஸ் 7 உடன் ஆப்பிள் ஆக்டிவேஷன் லாக்கைக் கொண்டு வந்தது. 2015இல் ஆண்ட்ராய்டு 5.1 உடன் கூகுளும் அதே வகைப் பாதுகாப்பைச் சேர்த்தது. போனை யார் ரீசெட் செய்தாலும், பழைய உரிமையாளரின் கணக்கும் கடவுச்சொல்லும் இல்லாமல் அது மறுபடி உயிர்பெறாது. திருடனுக்குக் கிடைப்பது செங்கல். சிக்கல் என்னவென்றால், உரிமையாளர் மறந்துபோய் வைத்துவிட்டுப் போன போனும் அதே செங்கல்தான். பூட்டுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆறு போன்களில் இரண்டு இப்படிப் பூட்டியிருந்தன. ஒன்று ஐபோன். அதை வைத்திருந்தவர் மூன்று வருடம் முன்னால் வேலையை விட்டவர். தயக்கத்தோடுதான் அவரை அழைத்தேன். "அட, அது இன்னும் இருக்கா?" என்று சிரித்தார். இருந்த இடத்திலிருந்தே தன் கணக்கில் நுழைந்து அந்தச் சாதனத்தை நீக்கினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று வருடம் செங்கலாகக் கிடந்தது இரண்டு நிமிடத்தில் போனாகிவிட்டது.

இன்னொன்று ஆண்ட்ராய்டு. அலமாரியில் போடுவதற்கு முன்னால் யாரோ நல்லெண்ணத்தில் ரீசெட் செய்திருக்கிறார்கள், ஆனால் கணக்கிலிருந்து வெளியேறாமல். திரை பழைய மின்னஞ்சலைக் கேட்டது. பயன்படுத்தியவரை அழைத்தால், "சார், அந்த மெயில் ஐடியே இப்ப என்கிட்ட இல்ல. நம்பரும் மாத்திட்டேன், பாஸ்வேர்டு சுத்தமா ஞாபகம் இல்ல" என்றார். சில தயாரிப்பாளர்கள் வாங்கிய பில்லைக் காட்டினால் திறந்து தருவார்கள். எங்கள் பில் எங்கே என்பது அந்தக் கடவுச்சொல்லைவிடப் பெரிய ரகசியமாக இருந்தது. பூட்டை உடைத்துத் தருகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு, அந்த வழியில் போக எனக்கு விருப்பமில்லை. திருட்டுப் போனைத் திறக்கிற அதே கைதான் இதையும் திறக்கும்.

லேப்டாப் ஒன்றிலும் இதே கதை. கணினி எழும்போதே, விண்டோஸுக்கு முன்னாலேயே கேட்கும் பயோஸ் கடவுச்சொல் போட்டிருந்தார்கள். பழைய மேசைக் கணினிகளில் போர்டில் உள்ள சிறு பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அது அழிந்துவிடும். அலுவலகப் பயன்பாட்டுக்கென்று செய்யும் லேப்டாப்கள் பலவற்றில் அது அப்படி அழியாத நினைவகத்தில் இருக்கும். திரை, விசைப்பலகை, மெமரி எல்லாம் புதுசு மாதிரி. ஆனால் யாருக்கும் விற்க முடியாது. அதைப் பாகம் பாகமாகக் கழற்றிவைத்தோம். அந்தச் சவம் பிற்பாடு எங்களுக்கு உதவியது.

பூட்டு தற்செயலாக மட்டும் விழுவதில்லை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஒலிபெருக்கி தயாரிக்கும் சோனோஸ் நிறுவனம் 2019இல் பழையதற்குத் தள்ளுபடி தரும் திட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. தள்ளுபடி வேண்டுமென்றால் பழைய கருவியை மறுசுழற்சி நிலைக்கு மாற்ற வேண்டும். மாற்றினால் 21 நாளில் அது நிரந்தரமாகச் செயலிழக்கும். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த கருவியைச் சாகடித்துவிட்டு அதற்கு மறுசுழற்சி என்று பெயர். எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2020 மார்ச்சில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பழையதைக் கொடுத்தால் தள்ளுபடி என்று யார் சொன்னாலும், கொடுத்தது எங்கே போகிறது என்று ஒரு கேள்வி கேட்பது நல்லது.

துடைப்பது

விற்பதற்கு முன்னால் தரவை அழிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எப்படி என்பதில்தான் குழப்பம். எங்கள் லேப்டாப் ஒன்றில், ரீசைக்கிள் பின்னைக் காலி செய்து "சுத்தமாக்கி" வைத்திருந்ததில், இலவச மீட்பு மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் பழைய சம்பளப் பட்டியல் வந்து நின்றது. பார்த்தவர்கள் யாரும் அதற்கப்புறம் இந்த வேலையை அவசரப்படுத்தவில்லை.

பழைய வகை ஹார்ட் டிஸ்க் என்றால் முழு வட்டையும் ஒருமுறை மேலெழுதினால் போதும். ஏழு முறை எழுத வேண்டும் என்பது பழைய காலத்து நம்பிக்கை. அந்த ஒரு முறைக்கே ஓர் இரவு ஆனது. சுழலும் வட்டு இல்லாமல் சிப்பிலேயே தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் கதை வேறு. தேய்மானத்தைச் சமமாகப் பங்கிட, அது தரவை எங்கே எழுதுகிறது என்பதைத் தானே தீர்மானிக்கும். நாம் மேலெழுதுகிறோம் என்று நினைத்தாலும் பழைய பிரதி வேறெங்கோ தங்கியிருக்கலாம். அதனால் எஸ்எஸ்டிக்கு அதன் சொந்த அழிப்புக் கட்டளையைத்தான் கொடுக்க வேண்டும். இந்த வேறுபாடுகளை அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி தன் 800-88 வழிகாட்டியில் விளக்கியிருக்கிறது. இன்றைய போன்களில் வேலை சுலபம். உள்ளே இருப்பது எல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால், ரீசெட் செய்தால் சாவி அழியும், சாவி இல்லாத தரவு வெறும் குப்பை. ஆனால் வரிசை முக்கியம். முதலில் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும், அப்புறம்தான் ரீசெட். இந்த வரிசை மாறியதற்குத்தான் ஆண்ட்ராய்டு போன் ஒன்றைப் பலி கொடுத்தோம்.

விளம்பரம்

முதல் லேப்டாப்புக்கு நான் எழுதிய விளம்பரம் இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. "மிக நல்ல கண்டிஷன், குறைவாகப் பயன்படுத்தியது, அலுவலக உபயோகம் மட்டும்." மூடிய லேப்டாப்பின் படம் ஒன்று. மூன்று நாளில் ஆறு பேர் கேட்டார்கள். ஆறு பேரும் கேட்டது ஒரே கேள்வி: "கடைசி விலை என்ன?" சொன்னதும் பாதிக்குக் கேட்டார்கள்.

முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம் யோசித்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. 1970இல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து இதைத்தான் விளக்கினார். 2001இல் அவருக்கு நோபல் கிடைக்க அந்த ஆய்வும் முக்கியக் காரணம். விற்கிறவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவன் எல்லா வண்டியையும் சுமார் என்று வைத்தே விலை பேசுவான். நல்ல வண்டி வைத்திருப்பவனுக்கு அந்த விலை கட்டுப்படியாகாது, சந்தையைவிட்டு விலகுவான். மிஞ்சுவது ஓட்டை வண்டிகள்தான். பழைய போன் விற்கப் போனவர்கள் "இவ்வளவு கம்மிக்கா" என்று வெறுத்துப்போய் மறுபடி மேசை டிராயரில் போடுவதற்கும் இதுதான் காரணம். அந்த இடத்தில்தான் நல்ல சாதனம் கழிவாகிறது.

விளம்பரத்தை மாற்றி எழுதினேன். விண்டோஸில் ஒரு கட்டளை கொடுத்தால் பேட்டரி அறிக்கை வரும், வடிவமைத்தபோது இருந்த கொள்ளளவும் இப்போதுள்ள கொள்ளளவும் அதில் இருக்கும். கணக்குப் போட்டால் 71 சதவீதம். அறிக்கையின் படத்தையே போட்டேன். மூலையில் இருந்த நசுங்கலை நெருக்கத்தில் எடுத்தேன். "ஒரு விசையைக் கொஞ்சம் அழுத்தித் தட்ட வேண்டியிருக்கும்" என்று எழுதினேன். முழு வெள்ளைத் திரையை இருட்டறையில் எடுத்த படம் ஒன்று சேர்த்தேன், திரையில் கறையோ செத்த புள்ளியோ இருந்தால் அதில் தெரிந்துவிடும். எந்த விண்டோஸ் ஓடுகிறது, சார்ஜர் அசலா என்பதெல்லாம் ஒவ்வொரு வரி. இரண்டாம் நாள் ஒருவர் பேரமே பேசாமல் எடுத்துக்கொண்டார். முதலில் கேட்ட விலையைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் போட்டிருந்தேன், ஆனால் அந்த ஆறு பேர் கேட்டதைவிட வெகு அதிகம். குறையைச் சொன்னால் விலை இறங்கும் என்று பயந்தேன். நடந்தது நேர்மாறு.

போன்களுக்கு இன்னொரு வேலை இருந்தது. நட்சத்திரம், ஹேஷ், பூஜ்ஜியம், ஆறு, ஹேஷ் என்று அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனின் அடையாள எண்ணை, வாங்குகிறவர் சரிபார்த்துக்கொள்ளலாம், அது திருட்டுப் போன் பட்டியலில் இருக்கிறதா என்று. அந்த எண்ணை விளம்பரத்தில் பகிரங்கமாகப் போடாமல், பேச்சு உறுதியான பிறகு கொடுத்தேன். பொதுவில் கிடக்கும் எண்ணை எடுத்து வேறு போனில் ஏற்றுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

மோசடி முயற்சி ஒன்றே ஒன்று. கேட்டதற்கு மேல் பணம் அனுப்பிவிட்டதாக ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது, "தவறுதலாக அதிகம் போய்விட்டது, மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்ற அவசரச் செய்தியோடு. கணக்கில் ஒன்றும் வரவில்லை. படம் பணம் ஆகாது என்று தெரிந்தவர்களுக்கு இது பழைய கதை.

திருப்பி அனுப்பப்பட்டதும் ஒன்றுதான், ஆனால் அது வலித்தது. வைஃபை விட்டுவிட்டு வருகிறது என்று வாங்கியவர் புகார் கொடுத்தார். நாங்கள் விற்ற தளம் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திருப்பி அனுப்பச் சம்மதித்தது. நாங்கள் குமிழ் உறையில் சுற்றி அனுப்பிய லேப்டாப், திரும்பி வந்தபோது வெறும் அட்டைப்பெட்டிக்குள் உருண்டுகொண்டிருந்தது. கீல் உடைந்திருந்தது. முறையிட்டால், தானாக எழுதப்பட்ட பதில்கள் மட்டும் வந்தன. அங்கேதான் பயோஸ் பூட்டு போட்ட அந்தச் சவம் கைகொடுத்தது. அதே மாடல். அதன் கீலைக் கழற்றி இதில் மாட்டினோம், வைஃபை அட்டையையும் மாற்றினோம். மறுபடி விற்றது. இரண்டு லேப்டாப்பில் ஒன்று முழுசாகப் பிழைத்தது, அதுவும் அந்தச் சவத்தை முதல் நாளே தூக்கி எறியாததால்.

அனுப்புவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சாதனத்துக்குள் இருக்கும் நல்ல லித்தியம் பேட்டரியை விதிகளுக்கு உட்பட்டு அனுப்பலாம், சேதமானதை விமானத்தில் அனுப்பவே கூடாது. மானிட்டரை அனுப்பும் செலவு அதன் விலையைத் தாண்டியது. அதனால் ஒன்றை நேரில் வந்து எடுத்துக்கொள்பவருக்கு விற்றோம், இரண்டை எங்கள் ஆட்களே இரண்டாம் திரையாக வைத்துக்கொண்டார்கள்.

விற்காதவை

ஒரு லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி அலுவலகக் கோப்புகளின் நகல் வைக்கும் கணினியாக்கினோம். ஒரு டேப்லெட் கூட்ட அறைச் சுவரில் ஏறியது, அன்றைக்கு யாருக்கு எந்த நேரம் என்று காட்டும். நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடந்தால் அதுவும் வயிறு உப்பும் என்பதால், தினம் இரண்டு மணி நேரம் மட்டும் மின்சாரம் விடும் டைமரைப் போட்டிருக்கிறோம். போர்டு செத்த லேப்டாப்பும் திரை உடைந்த போனும் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் பாகங்களுக்குப் போயின.

மறுசுழற்சிக்குப் போனவற்றில் எனக்கு மனம் ஆறாதது அந்தப் பூட்டிய ஆண்ட்ராய்டு. 3ஜி மட்டுமே பிடிக்கும் போனைப் பற்றி வருத்தமில்லை, அந்த அலைவரிசைகளைப் பல இடங்களில் நிறுத்திவிட்டார்கள். பிரிண்டரின் தலை காய்ந்து அடைத்திருந்தது, மாற்றுத் தலை கிடைக்கவில்லை. ரவுட்டர் இரண்டும் நன்றாகவே ஓடின. இருந்தும் விற்கவில்லை. தயாரிப்பாளர் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திப் பல வருடம் ஆயிற்று. வீட்டு இணையத்தின் வாசற்கதவை ஓட்டைப் பூட்டோடு இன்னொருவர் தலையில் கட்டுவது மறுபயன்பாடு ஆகாது.

இந்த எல்லைக்கோடு எங்கள் அலமாரிக்கு மட்டும் உரியதல்ல. "மறுபயன்பாட்டுக்கு" என்று சீட்டு ஒட்டி, ஓடாத சரக்கைக் கப்பலேற்றி ஏழை நாடுகளில் கொட்டுவது பல காலமாக நடக்கிறது. கானாவின் அக்ராவில் அக்போக்ப்ளோஷி என்ற இடம் உலகுக்குத் தெரிந்ததே அப்படி எரிந்த ஒயர்களால்தான். அபாயமான மின்கழிவுக்கு, கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கையில் முன்பே கட்டுப்பாடு இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அபாயம் இல்லாதது என்று வகைப்படுத்தியதையும் பெறும் நாட்டின் முன் அனுமதி இல்லாமல் அனுப்ப முடியாது. ஒரு பெட்டிக்குள் இருப்பது பொருளா கழிவா என்று கேட்டால், போட்டுப் பார்த்து ஓடுகிறதா என்று சோதித்துச் சொல்வதைத் தவிர வேறு நேர்மையான பதில் கிடையாது.

கணக்கு

இப்போது கணக்கு பார்க்கிறவர் சொன்னதற்கு வருகிறேன். என் மணி நேரங்களைக் கூட்டிப் பார்த்தேன். விற்ற பணம் என் நேரத்தின் கூலியில் பாதிக்குக் கொஞ்சம் மேல் வந்தது. அவர் ஜெயித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நேரம் எங்கே போயிற்று என்று பிரித்தால் வேறு படம் தெரிகிறது. படம் எடுப்பது, எழுதுவது, கட்டுவது எல்லாம் சேர்ந்து பெரிய பங்கு இல்லை. பெரும்பகுதி தேடலில் போனது. கடவுச்சொல் யாருக்குத் தெரியும், சார்ஜர் எங்கே, பில் எங்கே, இது யாருடையது. அந்தச் சாதனம் கைமாறிய அன்றைக்கே கேட்டிருந்தால் ஒவ்வொன்றும் ஒரு நிமிட வேலை.

விலையும் அப்படித்தான் கரைந்தது. போன் அலமாரிக்குள் போன வருடத்தில் அதற்கு இன்னும் மூன்று வருட அப்டேட் மிச்சமிருந்தது. வெளியே எடுத்தபோது ஒன்றும் இல்லை. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் புதிய பிராசஸரும் எங்கள் லேப்டாப்களில் பாதியில் இல்லை. இரண்டை லினக்ஸ் ஏற்றித்தான் விற்றோம், வாங்க வந்தவர்களின் எண்ணிக்கை அங்கே சட்டென்று சுருங்கியது. அலமாரிக்குள் எதுவும் உடையவில்லை. ஆனாலும் அங்கே கிடந்த ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர் அதைப் பயன்படுத்தியிருக்கக்கூடிய வருடம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. விற்ற பதினொன்றும் பதினொரு புதுச் சாதனங்களைத் தடுத்துவிட்டன என்று சொல்ல முடியாது. நேரில் வந்து வாங்கியவர்களிடம், இது கிடைக்காவிட்டால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவர் புதிதாக வாங்கியிருப்பேன் என்றார். ஒருவர், "சும்மா இருந்திருப்பேன், குறைந்த விலைக்கு வந்ததால் எடுத்தேன்" என்றார். இன்னொருவருக்கு அது மூன்றாவது லேப்டாப். அதைவிட மோசம் எங்கள் அலுவலகத்துக்குள்ளேயே நடந்தது. விற்பனை நன்றாகப் போவதைப் பார்த்த ஒருவர், "பழசு நல்லா போகுதே, அப்ப இந்த வருஷமே எல்லாருக்கும் மாத்திடலாமே" என்றார். மறுவிற்பனை கழிவைக் குறைக்கிற மாதிரியே, அடிக்கடி மாற்றுவதற்கான குற்றவுணர்வையும் குறைத்துவிடுகிறது. அந்த யோசனையை நான்தான் முதலில் எதிர்த்தேன். இருக்கிற லேப்டாப்களில் மூன்றுக்கு பேட்டரி மாற்றினால் இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்று காட்டினேன். ஒப்புக்கொண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்ற விதி வருகிறது. அப்படி ஒன்று முன்பே இருந்திருந்தால் எங்கள் அலமாரிக்குள் வந்தே இருக்காதவை குறைந்தது மூன்று.

இப்போது அந்த அலமாரி இல்லை. அதற்குப் பதிலாக என் மேசையில் ஒரு தாள் இருக்கிறது. சாதனத்தைத் திருப்பிக் கொடுப்பவர் என் எதிரில் உட்கார்ந்து கணக்கிலிருந்து வெளியேற வேண்டும், பூட்டுக் கடவுச்சொல்லை நீக்க வேண்டும், சார்ஜரை வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் விற்பனைக்கோ வேறு ஆளுக்கோ போக வேண்டும்.

போன வாரம் வேலையை விட்டுப் போகிற ஒருவர் போனை என் மேசையில் வைத்துவிட்டு, "ரீசெட் போட்டுட்டேன் சார், கிளம்பறேன்" என்றார். உட்காரச் சொன்னேன். திரையைப் போட்டுப் பார்த்தால் பழைய மின்னஞ்சலைக் கேட்டது. கடவுச்சொல் அவருக்கு மறந்துவிட்டது. முதலில் ஒரு பழைய எண்ணுக்குக் குறுஞ்செய்தி போனது, அந்த சிம் வீட்டில் இருந்தது. வீட்டுக்கு அழைத்து, சிம்மை வேறு போனில் போடச் சொல்லி, வந்த குறியீட்டைக் கேட்டு எழுதி, புதுக் கடவுச்சொல் வைத்து முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. இடையில் இரண்டு தரம் காபி குடித்தோம். மூன்றாம் நாள் அந்தப் போன் விற்றது.